வெற்றிலை பாக்கு வாங்காமல் எழுந்து போன சாலை

மணக்காவூர்க் கடைவீதிச் சாலை கல்யாண வீட்டுக்கு மொய் செய்யப் போன சங்கதியைச் சொல்வதற்கு முன்னால், அது யாரிடமெல்லாம் மொய் வாங்கியது என்பதைச் சொல்லிவிடுவதுதான் முறை. ஏனென்றால் அந்தப் பக்கத்தில் வாங்காத யாரும் திருப்பிச் செய்யப் போவதில்லை, வாங்கிய யாரும் திருப்பிச் செய்யாமல் ஊரில் தலைகாட்ட முடிவதில்லை. ஆடி பிறந்துவிட்டால் அங்கே மொய் விருந்துதான். மகளுக்கு நகை போட வேண்டியவரும், போர் போட்டுத் தண்ணீர் வராமல் நொந்து போனவரும், கடையைக் கொஞ்சம் பெரிதாக்க நினைப்பவரும் ஆடு வெட்டிப் பந்தி போடுவார்கள். கறிச்சோறு தின்றவர் இலையை மடித்துவிட்டுப் போய் மொய் எழுதுவார். அவர் வீட்டில் விசேஷம் வரும்போது, வாங்கியவர் வாங்கியதற்கு மேல் கொஞ்சமாவது கூட வைத்துத் திருப்பிச் செய்வார். பேங்குக்காரன் கண் வைக்காத காலத்திலிருந்தே அந்த ஊர் இப்படித்தான் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

பேரூராட்சியாக இருந்த மணக்காவூர் நகராட்சியானபோது மாறியது போர்டு மட்டும்தான். கடைவீதிச் சாலை பள்ளமும் மேடுமாகவே கிடந்தது, சாக்கடை நாறியது, விளக்குக் கம்பங்கள் வெறுங்கம்பங்களாக நின்றன. ரோட்டைப் போடு வரியைக் கட்டுகிறோம் என்றது ஊர். வரியைக் கட்டு ரோட்டைப் போடுகிறோம் என்றது நகராட்சி. மேலிடத்து மானியமோ வரும் வரும் என்று வராமலே இருந்தது. இந்த இழுபறியைக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக் காது புளித்துப்போய், கடைசியில் ஒருநாள் எழுந்து நின்றவள் தவமணி. கருவாட்டுக் கடை வைத்திருப்பவள், பதினெட்டாம் வார்டு கவுன்சிலர். அந்த வார்டு வாய்க்காலுக்கு அந்தண்டை இருக்கும் அக்கரைத் தெரு. அங்கே பள்ளமான சாலை என்று குறை சொல்லக்கூட ஒரு சாலை கிடையாது. மதகு தாண்டினால் களிமண் கரைதான். ஐப்பசி மழையில் தொடையளவு சேறு. ஆட்டோக்காரர்கள் மதகோடு திரும்பிவிடுவார்கள். உங்கள் வாசலுக்கு ரோடு கொண்டு வருகிறேன் என்று வீடு வீடாகச் சொல்லித்தான் தவமணி ஜெயித்திருந்தாள்.

"கையில இல்லன்னா ஊரு என்ன பண்ணுது? மொய் விருந்து வைக்குது. ரோட்டுக்குக் கையில இல்ல. ரோடும் ஒரு மொய் விருந்து வைக்கட்டும்" என்றாள் அவள்.

நகராட்சித் தலைவர் குஞ்சிதபாதம் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு மற்றவர்கள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரமே பத்திரிகை அடித்தார்கள். விருந்து வைப்பவர் பெயர் போடும் இடத்தில் கடைவீதிச் சாலை என்று போட்டார்கள், மற்ற வரியெல்லாம் வழக்கம்போல. சாலையின் மேலேயே பந்தல், சாலையின் மேலேயே பந்தி. நடு ரோட்டில் எப்போதும் படுத்துக் கிடக்கும் கறுப்புப் பசுவை மட்டும் யாராலும் எழுப்ப முடியவில்லை, அதைச் சுற்றி இலை போட்டார்கள். அதிகம் எழுதியவர் அரிசி ஆலை மாசிலாமணி. அக்கரைத் தெருக்காரர்கள் வீட்டுக்கு வீடு முடிந்ததைப் போட்டு ஒரே மஞ்சள் துணியில் முடிந்து கொண்டு வந்து, எந்த வீட்டின் பெயரையும் சொல்லாமல் அக்கரைத் தெரு என்று எழுதச் சொன்னார்கள். தெருவுக்கு எப்போது கல்யாணம் என்று பந்தியில் கேலி பேசினார்கள். தவமணி அதற்கும் சேர்த்து ஒரு கரண்டி குழம்பு வாங்கிக்கொண்டாள்.

வந்ததை வைத்துச் சாலை போட்டார்கள், சாக்கடை எடுத்தார்கள், விளக்கு எரிந்தது, தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. இத்தோடு முடிந்தது என்றுதான் ஊர் நினைத்தது. மொய் வாங்கியவர் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற பாதியை ஊர் மறந்துவிட்டது, சாலை மறக்கவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் தையல்காரர் கலியபெருமாள் வீட்டுக் கல்யாணம். மொய் எழுதிய இடத்தில் சொல்லாமல் விடக் கூடாது என்று அவர் சாலையின் ஓரத்திலும் ஒரு பத்திரிகை வைத்துவிட்டு வந்திருந்தார். அன்று காலை கடைவீதியில் ஷட்டரைத் தூக்கியவர்கள் எதிரே செம்மண் கிடப்பதைப் பார்த்தார்கள். கடைவீதிச் சாலை, சைக்கிள்கூடத் திரும்பாத சந்துக்குள் புகுந்து, கலியபெருமாள் வாசலில் விளக்குக் கம்பங்களோடும் குழாயோடும் சாக்கடையோடும் அடக்கமாக வந்து கிடந்தது. நடுவில் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கார் முதல் தடவையாக அந்த வாசல் வரைக்கும் வந்தது. எல்லாரும் தாம்பூலப் பை வாங்கிப் போன பிறகும் சாலை கிடந்ததைப் பார்த்து, கலியபெருமாளின் பெண்சாதிக்கு உறைத்தது, விருந்தாளிக்கு வெற்றிலை பாக்கு வைக்கவில்லையே என்று. தட்டில் வைத்து அதன் ஓரத்தில் வைத்தாள். விளக்கேற்றும் நேரத்துக்குள் சாலை கடைவீதிக்குத் திரும்பிவிட்டது. எப்போதும் தண்ணீர் தேங்கும் அந்த வாசற்படியடியில் மட்டும் ஒரு முறத்தளவு தார் காய்ந்து கெட்டியாகக் கிடந்தது. வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட வைக்காமல் போகலாமா என்று சந்தில் பேசிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் யாரும் அதிசயப்படவில்லை, ஏற்பாடுதான் பண்ணிக்கொண்டார்கள். பஸ் டிரைவர்கள் டிப்போவிலிருந்து எடுக்கும்போதே இன்றைக்கு யார் வீட்டு விசேஷம் என்று கேட்டுக்கொண்டார்கள். முகூர்த்த நாளில் கடைவீதிக்காரர்கள் பலகை போட்டு வியாபாரம் பார்த்தார்கள், இல்லாவிட்டால் கடையைச் சாத்திவிட்டுச் சாலை போன வீட்டுக்கே போய் அவர்களும் ஒரு கை சாப்பிட்டார்கள். காதுகுத்து, புதுமனை, வளைகாப்பு என்று பாக்கு வைத்து அழைத்த எந்த வீட்டையும் சாலை ஒதுக்கவில்லை. ஊரிலே இருந்துகொண்டு ஊரையே பார்க்காத சந்துகளுக்கெல்லாம் அது போய் வந்தது. பத்திரிகை வைக்கும் தட்டை எடுத்துக்கொண்டு ஜனங்கள் கடைவீதியில் குனிந்து நிற்பதைப் பார்த்த வெளியூர் வியாபாரிகள் கோயில் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்கள்.

மாசிலாமணி ஆகாத ஆள் இல்லை. கோயிலுக்குக் கேட்டால் மூட்டையாகக் கொடுப்பார், பள்ளிக்கூடத்துக்குக் கேட்டால் மறுபேச்சுப் பேச மாட்டார். ஆனால் அவருடைய ஆலைக்குப் போகும் வழியில் லாரிகள் மாதத்துக்கு ஒன்றாவது புதைந்துகொண்டிருந்தன. ஆவணிக் கடைசியில் அவர் கடைசி மகள் கல்யாணத்துக்கு வந்த சாலை ஆலை வாசலில் நீட்டி நிமிர்ந்து படுத்தபோது, அவர் லாரிகள் வழுக்கிக்கொண்டு போய் வருவதைப் பார்த்தார். பார்த்தவர் வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. மறுவீடு இருக்கிறது என்றார். பிறகு பேரனுக்குக் காதுகுத்து என்றார், புது பாய்லருக்குப் பூஜை என்றார், தனக்கே அறுபதாம் கல்யாணம் என்றார், அறுபதுக்கு வயது குறைகிறதே என்று கேட்டவர்களுக்கு ஜாதகத்தைக் காட்டினார். தாம்பூலம் வாங்காத விருந்தாளி எப்படி எழுந்து போவது? சாலை அங்கேயே கிடந்தது. கடைவீதியில் புழுதி பறந்தது, பிறகு மழை பிடித்துச் சேறானது, பஸ்கள் குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு போயின. ஊருக்குக் கோபம்தான், ஆனால் ஒருவர் வீட்டில் இருக்கும் விருந்தாளியை வாசலில் நின்று கூப்பிடும் வழக்கம் மணக்காவூரில் கிடையாது.

தவமணிதான் போனாள். அவள் மகள் சுடர்விழி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தெரு எழுதிய மொய்யை அந்தப் பெண்ணின் பிரசவத்துக்கே கேட்டு வாங்கிக்கொள் என்று அக்கரைத் தெரு முழுக்கச் சேர்ந்து சொல்லியிருந்தது. ஆலை வாசலில் சாலையின் ஓரத்தில் பாக்கு வைத்து, நாள் நெருங்குகிறது, நீ வந்துவிட வேண்டும் என்று அழைத்தாள். தார் லேசாக நடுங்கியது, கம்பங்கள் ஆடின, ஆனால் சாலை எழுந்திருக்கவில்லை. மாசிலாமணி திண்டில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவுன்சிலரம்மா, நான் எழுதுனது எவ்வளவு, உங்க தெரு எழுதுனது எவ்வளவு? கூட எழுதுனவன் வீட்டுல கூட நாள் இருந்துட்டுப் போவுது. இதுல என்ன தப்பு இருக்கு?"

தவமணி வயிற்றெரிச்சலோடு திரும்பி வந்தாள்.

ஐப்பசி அடைமழையின் மூன்றாம் நாள், சொன்ன தேதிக்கு முன்னாலேயே சுடர்விழிக்கு வலி கண்டது. காலையில் ஆம்புலன்ஸ் வந்தது, மதகோடு நின்றது. கட்டிலோடு தூக்கிப் போகலாம் என்று நாலு பேர் இறங்கினார்கள். கொஞ்ச தூரத்தில் முன்னால் போனவர் இடுப்பு வரைக்கும் புதைந்தார், கட்டில் சாய்ந்தது, பெண் அலறினாள், திரும்பக் கொண்டு வந்து போட்டார்கள். வந்து பார்த்த நர்ஸம்மா சேலையெல்லாம் சேறாக நின்று, குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்து ஒன்றும் செய்ய முடியாது, சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்று தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தவமணிக்கு உலகமே அந்த ஒரு கட்டிலளவுக்குச் சுருங்கிவிட்டது. யாரை அழைப்பது, எதை வைத்து அழைப்பது என்று நின்றவளுக்கு, ஊர் பிறந்ததிலிருந்து ஊர் சொல்லிவருவது ஞாபகம் வந்தது. நல்லதுக்குச் சொன்னால் போக வேண்டும், கெட்டதுக்குச் சொல்லாமலே போக வேண்டும். சாவுச் சேதி காதில் விழுந்தால் எந்தப் பந்தியிலிருந்தும் எழுந்திருக்கலாம், யார் தாம்பூலத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அவள் புருஷன் வேலாயுதம் தென்னை ஏறுகிறவர். மகள் கட்டிலின் தலைமாட்டில் செய்வதறியாமல் நின்றிருந்தார். அவரிடம் போனாள்.

"என்னங்க, நீங்க கொஞ்சம் செத்துப்போவணும்" என்றாள்.

வேலாயுதம் மகளைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"ரோடு வர்ற வரைக்கும்."

அவர் பெஞ்சில் படுத்துக்கொண்டார். தாடையில் துணியைக் கட்டி நெற்றியில் நாணயத்தை வைத்தார்கள். சங்கு ஊதினார்கள். ஒப்பாரிக்குச் சிவபாக்கியத்தைக் கூப்பிட்டார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படிப் பாடுவது, பாவம் இல்லையா என்று அவள் முதலில் தயங்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு பொய்யாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் இரண்டாவது அடியிலேயே, போன மழையில் இதே சேற்றில் தூக்கிப் போகும்போது தவறி விழுந்த தன் புருஷனின் பிணம் அவளுக்கு முன்னால் வந்துவிட்டது.

"ஏறிப் போகத் தேருமில்ல, எறங்கி நடக்கப் பாதையில்ல, சேத்துல நீ போன வழி சேந்து வர நாதியில்ல" என்று அவள் எடுத்துவிட, சுற்றியிருந்த பெண்களுக்கு அவரவர் சாவுகள் வந்துவிட்டன. ஜன்னி கண்டு மதகு வரைக்கும் போய்ச் சேராத பிள்ளை, பாம்பு கடித்துத் தோளிலேயே அடங்கிப்போன தம்பி, அந்தக் களிமண்ணில் இறங்கிப்போன அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். மாரில் அடித்துக்கொண்டு அவர்கள் அழுதது மழையைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, தென்னந்தோப்புகளைத் தாண்டி ஊருக்குள் போய் விழுந்தது. அதில் பொய் என்று சொல்ல, பெஞ்சில் படுத்திருந்த ஒரு ஆளைத் தவிர வேறொன்றும் இல்லை.

அரிசி ஆலையில் அன்று எதற்கோ ஒரு பூஜை, பந்தி நடந்துகொண்டிருந்தது. சாலை எழுந்தது. தாம்பூலத்துக்கு நிற்கவில்லை, மாசிலாமணியின் முகத்தைப் பார்க்கவில்லை, மேலே நின்றிருந்த லாரிகளை ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு, கம்பங்களையும் குழாயையும் சாக்கடையையும் அள்ளிக்கொண்டு ஊரின் நடுவே ஓடியது. வாய்க்காலின் மேலே ஒரு கை ஊன்றிக் கடந்து, மதகிலிருந்து அக்கரைத் தெருவின் கடைசி வீடு வரைக்கும் போய் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்தது. பசு அப்போதும் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தது. சுடர்விழியை ஏற்றினார்கள், தவமணியும் நர்ஸம்மாவும் ஏறினார்கள், வண்டி புறப்பட்டது.

புறப்பட்ட வண்டி தெருமுனையில் மெதுவாகப் போக வேண்டியிருந்தது, ஏனென்றால் எதிரே ஊர் வந்துகொண்டிருந்தது. சாலை ஓடிய திசையைப் பார்த்து, அக்கரையில் சாவு என்று தெரிந்துகொண்டு, போட்டது போட்டபடி கிளம்பி வந்திருந்தார்கள். குஞ்சிதபாதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், கலியபெருமாள் பெண்சாதியோடு வந்தார், கடைவீதிக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். அந்தத் தெருவில் ஒருநாளும் கால் வைக்காதவர்களெல்லாம் நனைந்தபடி செருப்பில்லாமல் வந்தார்கள். கடைசியில் மாசிலாமணி, பந்தியில் பாதியில் எழுந்த கையோடு, ஒரு பெரிய ரோஜா மாலையைச் சுமந்துகொண்டு வந்தார். தன் வீட்டு விருந்தாளி சொல்லாமல் எழுந்து போன அவமானம் அவருக்கு இருக்கத்தான் செய்தது, ஆனாலும் சாவுக்கு வராமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை. வண்டிக் கண்ணாடி வழியாக இதையெல்லாம் பார்த்த தவமணி, மகள் கையைப் பிடித்துக்கொண்டே ஓவென்று அழுதுவிட்டாள். எத்தனை நாள் இந்த ஊரைத் திட்டியிருக்கிறோம் என்று நினைத்து அழுதாள்.

மாலையோடு வந்தவர்களை வேலாயுதம் பெஞ்சில் உட்கார்ந்து, நெற்றிக் காசைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். யாரும் கோபப்படவில்லை. கொண்டு வந்த மாலையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதால், மழையில் மினுங்கிக்கொண்டு கிடந்த சாலையின் மேல் சாற்றினார்கள். மாசிலாமணி குனிந்து சாற்றும்போது சாலையிடம் என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்பதை அவரும் சொல்லவில்லை, சாலையும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தவமணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். பேத்தி பிறந்திருந்தாள், தாயும் பிள்ளையும் சுகம். கையில் சீனிப் பொட்டலம் இருந்தது, வெற்றிலை பாக்குத் தட்டும் இருந்தது. தட்டைப் பார்த்ததும் தெரு அவளைச் சூழ்ந்துகொண்டது. சாவுக்கு வந்தவர்களிடம் யாரும் போய் வா என்று சொல்வதில்லை, நீ ஒன்றும் சொல்லாமல் இரு, இது இங்கேயே கிடக்கட்டும், உன் தேர்தல் வாக்கும் நிறைவேறிவிடும் என்று கெஞ்சினார்கள். சிவபாக்கியம் அவள் காலையே பிடித்தாள். தவமணிக்கும் ஆசைதான். காலுக்குக் கீழே காய்ந்த தார் இருப்பது எப்படி இருக்கிறது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அந்தக் கறுப்பின் மேல் ஒரு வீட்டுத் தூரம் நடந்தாள், நின்றாள்.

"அந்தாளு பிடிச்சு வச்சப்ப நம்ம வயிறு எரிஞ்சுச்சு. இப்ப கடவீதியில எத்தன வயிறு எரியுதோ" என்றாள்.

பிறகு உட்கார்ந்து சாலையின் ஓரத்தில் கை வைத்தாள். பொய் சொல்லித்தான் கூப்பிட்டோம், சாவு இல்லை, பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொல்லிச் சீனியைத் தூவினாள். தட்டை வைத்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, போய்ட்டு வா என்றாள்.

சாலை எழுந்து போனது. தெரு பார்த்துக்கொண்டே நின்றது. அது போன பிறகுதான் தெரிந்தது, மொய் எழுதியது எந்த வீடும் இல்லை, தெரு. ஆகவே வாங்கியதற்கு மேல் வைக்கும் அந்தக் கொஞ்சத்தை எந்த வீட்டில் வைப்பது என்று தெரியாமல், அது எல்லா வீட்டிலும் வைத்துவிட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு முறத்தளவு இல்லை, ஒரு களத்தளவு தார். மதகடியில் ஒரு விளக்குக் கம்பம், தெரு நடுவில் ஒரு குழாய். களத்துக்கும் களத்துக்கும் நடுவில் மட்டும் பழைய சேறு இடைவெளி விட்டுக் கிடந்தது. கடைவீதிச் சாலை குறைந்திருக்குமோ என்று நகராட்சி என்ஜினியர் நாடா பிடித்து அளந்து பார்த்தார். குறையவில்லை. இதில் எந்தக் கணக்கும் உதைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

அந்த இடைவெளிகளை அடைத்தது சாலை இல்லை, ஊர். அடுத்த ஆடியில் மறுபடியும் கடைவீதிச் சாலை விருந்து வைத்தது. முதல் ஆளாக இலையை மடித்துவிட்டு எழுந்து போனவர் மாசிலாமணி. எழுதுகிறவர் அவர் பெயரைக் கேட்காமலே எழுதப் போக, அவர் தடுத்து, அக்கரைத் தெரு என்று போடச் சொன்னார். பின்னால் நின்ற கலியபெருமாளும் அப்படியே சொன்னார். அதற்குப் பிறகு வந்தவர்கள் தங்கள் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டுக்கொண்டு, எந்தத் தெரு சேறாக இருக்கிறதோ அந்தத் தெருவின் பெயரைச் சொன்னார்கள். மணக்காவூரில் இன்றைக்கும் மொய் இப்படித்தான் எழுதுகிறார்கள். தன் தெருவுக்கு யாரும் எழுதிக்கொள்வதில்லை, அதனால் எந்தத் தெருவும் விடுபட்டுப் போவதில்லை.

ஆவணியில் பேத்திக்குக் காதுகுத்து வைத்தாள் தவமணி. இடைவெளியெல்லாம் அடைபட்டு, சேறு என்ற பேச்சே இல்லாமல், மதகிலிருந்து வாசல் வரைக்கும் தெருவுக்கென்று சொந்தமாக ஒரு சாலை கிடந்தது. அதனால் கடைவீதிச் சாலைக்குப் பாக்கு வைக்கவில்லை. அதைக் கூப்பிட்டு அலையவைக்க வேண்டாம், கடைக்காரர்களுக்குத் தொந்தரவு என்று இருந்துவிட்டாள். ஊருக்குள்ளும் நெருங்கிய நாலு வீட்டுக்குத்தான் சொன்னாள். அன்று விடிந்து கதவைத் திறந்தவள், தெருச் சாலையை ஒட்டி, அதற்குத் தோள் கொடுத்த மாதிரி, கடைவீதிச் சாலையும் வந்து படுத்திருப்பதைப் பார்த்தாள். பசு தலையைத் தூக்கி அவளை ஒருமுறை பார்த்தது.

"சொல்லாமலே வந்துட்டியே, இது நல்ல காரியமாச்சே" என்றாள் தவமணி.

தூரத்தில், மதகுக்கு அந்தண்டை, அதன் பின்னாலேயே ஊர் பேசிச் சிரித்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. எல்லாரும் சொல்லாமல்தான் வந்துகொண்டிருந்தார்கள். தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி, உலையில் இன்னும் இரண்டு மரக்கால் அரிசி போடச் சொல்லி வேலாயுதத்தை எழுப்பினாள்.